கன்னி, சிப்பிப்பாறை, மண்டை: வேட்டை நாயின் பெயர் குறுகிய கதை

பரமக்குடியிலிருந்து மேற்கே கமுதி, அருப்புக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டி என்று நீளும் வறண்ட நிலம் பருத்திக்கும் மிளகாய்க்கும் பேர்போனது. வேட்டை நாய்க்கும் அதுதான் தாய்வீடு. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால், கூரிய முகம் என்று ஓட்டத்துக்காகவே வார்த்தது போன்ற உடல். முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் இந்த நாயைச் சிலர் கன்னி என்கிறார்கள். சிலர் சிப்பிப்பாறை என்கிறார்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் கறுப்பாக இருப்பதைக் கன்னி என்றும், மற்றதைச் சிப்பிப்பாறை என்றும் பிரித்துச் சொல்வோரும் உண்டு.

இது வெறும் பெயர்ச் சிக்கல்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கும் தனித்தனி நாயினங்களாக ஒலித்தன. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் முதன்முதலில் பதிவுசெய்த மூன்று நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவை. 2025இல் நான்காவதாகச் சேர்ந்தது இமாச்சலத்து இடையர்களின் காவல் நாய். இந்த நான்கில் கன்னி இல்லை. வானொலியில் தனி இனமாக ஒலித்த பெயருக்குப் பதிவேட்டில் இடம் கிடைக்கவில்லை. கன்னி என்பது ஓர் இனத்தின் பெயரா, நிறத்தின் பெயரா, உறவின் பெயரா? இதற்கு விடை தேட, தமிழர் நாய்க்குப் பெயரிட்ட முறையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பழந்தமிழில் நாயும் பெயரும்

தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் வகைப்படுத்துகிறது. அங்கே நாய்க்குட்டிக்கு உரிய பெயர் குருளை. புலி, பன்றி, முயல் ஆகியவற்றின் குட்டிகளுக்கும் அதே பெயர்தான். பெண் நாய்க்குப் பிணவு, பிணவல் என்ற பெயர்களோடு பாட்டி என்ற பெயரும் உரியது. இன்று தாயைப் பெற்றவளைக் குறிக்கும் சொல் அன்று பெண் நாயையும் பெண் பன்றியையும் குறித்திருக்கிறது. சங்க நூல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் நாய்க்குப் பெயர்கள் வருகின்றன. சுணங்கன், குக்கல், குரைமுகன் என்று நிகண்டுகளும் அகராதிகளும் பட்டியலை நீட்டுகின்றன.

இத்தனை சொற்களும் நாயின் வயதை, பாலை, குணத்தை அல்லது நாய் என்ற பொதுமையைச் சொல்பவை. இன்ன ஊர் நாய், இன்ன குருதிவழி நாய் என்று இனம் பிரிக்கும் பெயர் இவற்றில் இல்லை. அதனால் அன்று நாயில் வகை பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவர்கள் புதரை நாய்களோடு கலைத்து, வலை கட்டி, முயலை வளைத்துப் பிடிக்கிறார்கள். வலையும் நாயும் சேர்ந்து செய்யும் அந்த வேட்டை முறை ஒரு தேர்ந்த தொழிலின் விவரிப்பு. புறநானூற்றின் 33ஆம் பாடலில், மான் தசையைக் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிச் செல்லும் வேட்டுவன் சினம் மிக்க நாயை உடையவனாக அறிமுகமாகிறான். வேட்டுவனுக்கு நாயே அடைமொழி. வேட்டைக்கு ஏற்ற நாய் எது என்று தெரிந்தவர்கள்தாம் அவர்கள். ஆனால் அந்த அறிவு இனப் பெயராக உறையவில்லை.

தனி நாய்க்குப் பெயரிடும் வழக்கமோ பழையது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மாடுபிடிப் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்த சமூகம், அந்த நாய் என்ன இனம் என்று எழுதவில்லை. அன்றைய வாசகருக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஊர்ப் பெயர், தொழிற் பெயர், உறுப்புப் பெயர்

இன்று வழங்கும் தமிழக நாய்ப் பெயர்களை வரிசைப்படுத்தினால் அவை சில கூறுகளாகப் பிரிகின்றன. பெரும்பாலானவை ஊர்ப் பெயர்கள். ராஜபாளையம் விருதுநகர் மாவட்டத்து நகரம். சிப்பிப்பாறை அதே மாவட்டத்தில் சாத்தூர் பக்கத்து ஊர். கோம்பை தேனி மாவட்டத்தில் மலையடிவார ஊர். மலைகளுக்கு நடுவே உள்வாங்கிய பள்ளத்தைக் கோம்பை என்று சொல்லும் வழக்கம் மேற்கு மாவட்டங்களில் இன்றும் உண்டு. குருமலை கோவில்பட்டியை அடுத்த ஊர்.

ஊர்ப் பெயர் நாய்க்கு எப்படி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிப்பிப்பாறையில் இருப்பவர் தன் நாயைச் சிப்பிப்பாறை என்று சொல்லித் திரிய மாட்டார். அவருக்கு அது வேட்டை நாய், அல்லது அதன் நிறப் பெயர். வெளியூர்க்காரர் வந்து குட்டி வாங்கிப்போய், ‘இது சிப்பிப்பாறையிலிருந்து கொண்டுவந்தது’ என்று சொல்லும்போதுதான் ஊர் நாய்க்குப் பெயராகிறது. சுங்குடிச் சேலைக்கும் பூட்டுக்கும் அல்வாவுக்கும் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது இந்த வழியில்தான். ஊர்ப் பெயர் வாங்கிப்போனவன் இட்ட பெயர்.

இரண்டாவது வகை தொழிற் பெயர். ஆட்டுப் பட்டியைக் காக்கும் நாய் பட்டி நாய். சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் வெளியிட்ட இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூல் இதையும் தனி வகையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கிடை போடும் கோனார்களுக்கு அது வேலைக்காரனுக்குரிய பெயர். அந்த வேலையைச் செய்யும் எந்த நாயும் பட்டி நாயாகலாம்.

மூன்றாவது உறுப்புப் பெயர். ராமநாதபுரம் வட்டாரத்தில் வழங்கும் மண்டை நாய் இந்த வகை. கனத்த தலை, அகன்ற தாடை, பருத்த மார்பு கொண்ட இந்த நாய் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்பெற்றது. முயலின் பின்னால் பறக்கும் உடல்வாகு இதற்குக் கிடையாது. பார்த்தவுடன் கண்ணில் படுவது தலை. அதுவே பெயராயிற்று. வெளியூருக்குப் போகும்போது முன்னால் ஊர்ப் பெயரும் சேர்ந்து ‘ராமநாதபுரம் மண்டை’ ஆகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயின் பெயரும் அச்சாக இதே கட்டமைப்பு. உருண்டையான உருவத்தைச் சொல்லும் சொல்லோடு ஊர் சேர்ந்திருக்கிறது.

இந்த மூன்று வகைக்குள்ளும் அடங்காமல் நிற்கும் பெயர் கன்னி. அது ஊரையும் தொழிலையும் உறுப்பையும் சொல்லவில்லை.

கன்னி: சொல்லப்படும் காரணங்கள்

பரவலாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று: கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராக இந்த நாய்க்குட்டியைக் கொடுத்தனுப்பியதால் கன்னி என்று பெயர் வந்தது என்பது. தென் மாவட்டங்களில் பசுவும் கன்றும் ஆடும் சீர்வரிசையில் போனதுண்டு. புது ஊரில், புது வீட்டில் காலெடுத்து வைக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துணையாக ஒரு நாய் போவது நம்ப முடியாத செய்தியில்லை. ஆனால் இந்த விளக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. சீராகப் போன பசுவுக்குக் கன்னிப் பசு என்று இனப் பெயர் வரவில்லை. கொடுக்கும் செயல் பொருளுக்குப் பெயராவது அரிது. நாய்க்கு மட்டும் அது ஏன் நிகழ்ந்தது என்பதற்கு இந்தக் கதையில் விடை இல்லை.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். கன்னி என்ற சொல் தமிழில் மணமாகாத பெண்ணை மட்டும் குறிப்பதில்லை. இளமை, புதுமை, அழியாமை, முதன்மை ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. முதல் முறை மாலையிட்டுச் சபரிமலைக்குப் போகிறவர் கன்னிச்சாமி. காணும் பொங்கலுக்குக் கன்னிப் பொங்கல் என்று பெயர். வீட்டின் தென்மேற்கு மூலை கன்னி மூலை. மணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வழிபடும் குடும்பங்கள் தென்பாண்டி நாட்டில் ஏராளம். பிறர் கை படாதது, கலப்பில்லாதது என்ற கருத்தும் இந்தச் சொல்லோடு கூடவே வருகிறது. கலப்பில்லாத குருதிவழி நாய் என்ற மதிப்பில் இந்தச் சொல் பிறந்திருக்கவும் கூடும். இதுவும் ஊகமே. ஆனால் சொல்லின் இயல்பான பொருள் வட்டத்துக்குள் நிற்கும் ஊகம்.

ஆங்கில எழுத்துகளின் வழியே நுழைந்த குழப்பம் ஒன்றை மட்டும் உறுதியாக விலக்கிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது கன்னிக்கும் கண்ணிக்கும் வேறுபாடு இல்லை. கண்ணி என்பது முயலுக்கும் கௌதாரிக்கும் வைக்கும் சுருக்கு. வேட்டையோடு தொடர்புள்ள சொல் என்பதால், ஆங்கில எழுத்தில் மட்டும் பெயரைப் பார்த்தவர் ‘கண்ணி வேட்டைக்கு உதவும் நாய்’ என்று கருதிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. வளர்ப்பவர் வாயில் வருவது றன்னகர ஒலிதான். தவிர, கண்ணியில் சிக்கிய முயலைப் பிடிக்க வேகமான நாய் தேவையே இல்லை. ஓடும் முயலைப் பிடிப்பதற்காகவே இந்த நாயை வளர்த்தார்கள்.

‘ஆண் கன்னி’ சொல்லும் சேதி

சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அதிகம் சொல்லும். வளர்ப்போர் ‘ஆண் கன்னி’ என்று தயக்கமில்லாமல் சொல்கிறார்கள். கன்னி என்ற சொல்லின் பெண்பாற் பொருள் பேசுபவர் மனத்தில் உயிரோடு இருந்தால் இந்தத் தொடர் நாக்கில் இடறும். இடறவில்லை. ஆகவே இந்தச் சொல் தன் மூலப்பொருளிலிருந்து கழன்று, முழுக்க ஓர் இடுகுறிப் பெயராகிவிட்டது. அதற்குப் பல தலைமுறைப் புழக்கம் தேவைப்பட்டிருக்கும். சீர்வரிசைக் கதை உண்மையோ பொய்யோ, பெயர் பழையது என்பதற்கு இந்த வழக்கே சான்று.

இன்னொரு சான்று நிறத்தில் இருக்கிறது. கறுப்பு உடலில் முகம், மார்பு, கால் பகுதிகளில் செம்பழுப்பு படிந்தது கருங்கன்னி. வெளிர் நிறம் பால்கன்னி. இந்தத் தொடர்களில் கன்னி பெயர்; கருமையும் பாலும் அடை. கன்னி என்ற சொல்லிலேயே கறுப்பு நிறம் பொதிந்திருந்தால் பால்கன்னி என்று சொல்லவே முடியாது. கருங்கன்னி என்று சொல்லத் தேவையும் இருந்திருக்காது. ஆகவே ஒரு காலத்தில் கன்னி என்பது எந்த நிறத்துக்கும் பொதுவான நாய்ப் பெயராக இருந்திருக்க வேண்டும். கறுப்பு நாய்கள் மிகுதியாகவோ மிகவும் விரும்பப்பட்டோ இருந்த இடங்களில் ‘கரு’ என்ற அடை உதிர்ந்து, வெறும் கன்னி என்றாலே கறுப்பு என்று ஆகியிருக்கிறது. அடை உதிரும்போது பொருள் குறுகுவது மொழியில் வழக்கமான நிகழ்ச்சி. இங்கே பொருளோடு நாயும் குறுகிவிட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நாயின் நிறத்துக்கு வழங்கும் மற்றச் சொற்களும் பொருள் பொதிந்தவை. செவலை, மயிலை, சாம்பல், மறை. மாட்டுத் தொழுவத்தை அறிந்தவருக்கு இவை புதியவை அல்ல. காங்கேயம் மாட்டை மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறத்தால் பிரிக்கிறார்கள். வாடிவாசலில் காளை வெளியே வரும்போது ஒலிபெருக்கியில் வருவதும் நிறப் பெயர்தான். உழவர் தமிழில் ஒரு விலங்கை அடையாளம் சொல்லும் முதல் வழி நிறம். நிறம் தனி உயிரைக் காட்டும், இனத்தைக் காட்டாது. செவலைக் காளையும் மயிலைக் காளையும் ஒரே பசுவின் வயிற்றில் பிறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை இரண்டு இனம் என்று யாரும் சொல்லவில்லை. நாயிலும் நெடுநாள் இதே நிலைதான் இருந்தது.

இரண்டு பெயர், ஒரு நாய்

ஊர்ப் பெயர் சிப்பிப்பாறை. வளர்ப்போர் புழக்கத்தில் கன்னி. இரண்டும் சந்தித்தபோது என்ன ஆனது? நாய்க் கண்காட்சியும் கென்னல் கிளப் பதிவும் வந்தபின் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரையறை கேட்கப்பட்டது. இனம் என்றால் அதற்கு உயரம், நிறம், காது, வால் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு பெயர்கள் புழக்கத்தில் இருந்ததால் இரண்டு வரையறைகள் தேவைப்பட்டன. உடலமைப்பில் வேறுபாடு காண்பது கடினம். கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு நிறம். கறுப்பும் செம்பழுப்பும் கலந்தது கன்னி. ஒரே நிறமானது சிப்பிப்பாறை என்று கோடு விழுந்தது. உடல்வாகில் சிறு வேறுபாடுகளைச் சொல்லி, இரண்டும் வேறுவேறு என்று வாதிடும் வளர்ப்போரும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேறுபாடுகள் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. வடக்கே தக்காணத்தில் இதே உடல்வாகு கொண்ட வேட்டை நாய்க்கு மகாராட்டிரத்தில் கார்வானி என்று பெயர். நாடோடிக் கூட்டங்களோடு, காரவான்களோடு, வந்த நாய் என்பது பொருள். கர்நாடகத்தின் முதோல் சமஸ்தானத்தை ஆண்ட மாலோஜிராவ் கோர்ப்படே அதைப் பேணி வளர்த்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசளித்தார் என்பது வரலாறு. அதன்பின் அது முதோல் நாயாயிற்று. இன்று ஒரு சங்கத்தின் பதிவேட்டில் காரவான் ஹவுண்டு, இன்னொன்றில் முதோல் ஹவுண்டு. கர்னால் பணியகம் முதோல் என்ற பெயரைத் தேர்ந்தது. வாழ்ந்தவர்கள் வைத்த பெயருக்கும் ஆண்டவர் ஊரின் பெயருக்கும் நடந்த போட்டியில் ஊர் வென்றது. நம் பக்கத்திலும் பதிவேட்டுக்குள் போனது சிப்பிப்பாறை என்ற ஊர்ப் பெயர். வெளியே நின்றது கன்னி.

உலக மொழிகளிலும் வேட்டை நாயின் பெயர் வழுக்கும் தன்மை உடையதுதான். கிரேஹவுண்டு என்ற பெயரில் உள்ள முதற்பாதி சாம்பல் நிறத்தைக் குறிக்கவில்லை என்பது சொல்லாய்வாளர்கள் முடிவு. பழைய ஆங்கில வடிவம் வேறு வேரிலிருந்து வந்தது. சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டது பிற்கால மக்களின் விளக்கம். அரபு நாட்டு சலூக்கியின் பெயர் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தது என்பதில் உடன்பாடு உண்டு. எந்த ஊர் என்பதில் வழக்கு ஓயவில்லை. ஆனால் கிரேஹவுண்டு எந்த நிறத்தில் பிறந்தாலும் கிரேஹவுண்டுதான். பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களும் அந்தத் தவறை வைத்து நாயை வெட்டிச் சுருக்கவில்லை.

மாவட்டம் மாறியது, பெயர் நின்றது

ராமநாதபுரம் என்ற பெயரும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டம் உருவானது. 1985இல் அது மூன்றாகப் பிரியும் வரை ராஜபாளையமும் சாத்தூரும் அருப்புக்கோட்டையும் இந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அதாவது முக்கால் நூற்றாண்டுக் காலம் ராஜபாளையம் நாய், சிப்பிப்பாறை நாய், மண்டை நாய் மூன்றும் ஆவணப்படி ராமநாதபுரம் மாவட்டத்து நாய்கள். இந்திய நாய்கள் பற்றி டபிள்யூ.வி. சோமன் 1963இல் நூல் எழுதியபோது மேற்கே மலையடிவாரமும் கிழக்கே பாம்பன் கடலும் ஒரே மாவட்ட எல்லைக்குள் இருந்தன. அந்தக் காலத்துக் குறிப்பு எதையும் படிக்கிறவர் ‘ராம்நாட் நாய்’ என்று கண்டால், அது இன்றைய பரமக்குடிப் பக்கமா, ராஜபாளையம் பக்கமா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

மண்டை என்ற பெயருக்கும் ஆங்கில எழுத்து ஒரு வேலை செய்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் மண்டையும் மந்தையும் ஒன்றுபோலவே தெரியும். மந்தை என்றால் ஆட்டுக் கூட்டம். மதுரை, ராமநாதபுரம் பகுதிகளில் ஊர்ப் பொது இடத்துக்கும் மந்தை என்று பெயர். ‘மந்தை காக்கும் நாய்’ என்ற விளக்கம் கேட்பதற்குப் பொருத்தமாக ஒலிக்கும். ஆனால் நாயின் உடலைப் பார்த்தால் மண்டை என்ற பெயருக்கு வேறு விளக்கமே தேவையில்லை. மந்தை காக்கும் நாய்க்குத் தமிழில் பட்டி நாய் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு தமிழ்ப் பெயரின் பொருளை அறிய அதைத் தமிழ் எழுத்தில் பார்ப்பதே முதல் விதி. அலுவலகப் படிவங்கள் ஆங்கிலத்தில் மட்டும் நிரப்பப்படும் வரை இந்தக் குழப்பம் தீராது.

கன்னியும் மண்டையும் ஒரே வறண்ட பூமியில் இருவேறு நிலத்தின் பெயர்கள் என்றும் சொல்லலாம். கண்ணால் கண்டு துரத்தும் நாய்க்குத் திறந்த வெளி வேண்டும். கம்பும் சோளமும் பருத்தியும் எடுத்தபின் வெறுமையாகக் கிடக்கும் கரிசல் அதற்குத் தோதான களம். வைகைப் படுகையிலும் முதுகுளத்தூர், கமுதிப் பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய பிறகு வெளி சுருங்கியது. முள் அடர்ந்த புதருக்குள் நீண்ட கால் உதவாது. பன்றியோடு மல்லுக்கட்டும் தாடை உதவும். மண்டையின் பேர் கிழக்கே ஓங்கியதற்கும் கன்னியின் பேர் மேற்கே நின்றதற்கும் நிலமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

வேட்டை போனபின் பெயர்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முயல் வேட்டை குற்றம். பொங்கலையொட்டி முயல் வேட்டைக்குப் போகக்கூடாது என்று வனத்துறை எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. சட்டம் தேவையானது, அதைப் பற்றி வாதம் இல்லை. ஆனால் பெயரின் வரலாற்றில் அது ஒரு திருப்பம். வேட்டை இருந்தவரை ஒரு நாய் கன்னியா இல்லையா என்பதை ஓட்டம் தீர்மானித்தது. ஓடி முயலைப் பிடிக்காத நாய் எத்தனை அழகாக இருந்தாலும் அதிலிருந்து குட்டி எடுக்க மாட்டார்கள். வேட்டை நின்றபின் அந்தச் சோதனை போயிற்று. அதன் இடத்தில் நிறமும் படமும் வந்து உட்கார்ந்தன. விற்பவர் சொல்லும் பெயரும் வாங்குபவர் கண்ட நிறமுமே இப்போது நாயை முடிவுசெய்கின்றன.

இதன் விளைவு என்னவாகும் என்பதற்கு ராஜபாளையம் நாயே பாடம். அந்த இனத்தில் முன்பு வெவ்வேறு நிறங்கள் இருந்தன. ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் என்று சந்தையில் பெயர் குறுகியபின், நிறமுள்ள குட்டிகள் ஒதுக்கப்பட்டன. வெள்ளையோடு வெள்ளையையே தலைமுறை தலைமுறையாக இணைத்தார்கள். முழு வெள்ளை நாய்களில் காது கேளாத குட்டிகள் பிறப்பது இந்த இனத்தில் தெரிந்த குறைபாடு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவி இயங்கவும் தேவை. அவை இல்லாத இடத்தில் கேட்கும் திறன் அழிகிறது. ஒரு பெயரின் பொருளைச் சந்தை சுருக்கியது. நாயின் செவி அதற்கு விலை கொடுத்தது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றில் ராஜபாளையமும் ஒன்று. பெருமை ஏறிய அளவுக்கு நாயின் நலம் ஏறவில்லை.

கன்னி என்றால் கறுப்பு மட்டும் என்று எழுதி வைத்துவிட்டால் அதே பாதையில் காலெடுத்து வைத்ததாகும். பால்கன்னியும் செவலையும் ‘தவறான நிறம்’ ஆகும். சிப்பிப்பாறை என்று முத்திரை குத்தப்பட்டதோடு கன்னியை இணைப்பது ‘கலப்பு’ ஆகும். எண்ணிக்கை குறைந்த ஒரு நாய்க்கூட்டத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக வெட்டினால், ஒவ்வொரு பாதியிலும் நெருங்கிய உறவுக்குள் இணை சேர்வது கூடும். நோய்கள் பெருகும். பெயரைக் காக்கிறோம் என்று நாயை இழப்போம்.

அரசுப் பக்கத்திலும் தொடர்ச்சி இல்லை. நாட்டு நாய்களுக்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நடத்திவந்த இனப்பெருக்கப் பிரிவு, விலங்குநல வழக்கையடுத்து உயர் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டது. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கை நம் வெப்பத்துக்கு ஒவ்வாத பதினொரு வெளிநாட்டு இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை சொன்னது. நாட்டு இனங்களை ஊக்குவிக்கவும் சொன்னது. ஊக்குவிப்பு பட்டியல் போடுவதிலிருந்துதான் தொடங்கும். பட்டியல் போடும் இடத்தில்தான் எச்சரிக்கை தேவை.

செய்ய வேண்டியது

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தபோது, பல்கலைக்கழகம் செய்யாத வேலையை ஒரு விவசாயி செய்துகாட்டினார். நாய் வளர்ப்போர் சொற்களுக்கும் அப்படியொரு தொகுப்பு வேண்டும். நிறச் சொற்கள், ஓட்டத்தைச் சொல்லும் சொற்கள், குட்டி தேர்ந்தெடுக்கும்போது பார்க்கும் குறிகளின் பெயர்கள், எந்த ஊரில் எது கன்னி, எது சிப்பிப்பாறை என்ற வழக்கு வேறுபாடு எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். முயல் வேட்டையைக் கண்ணால் கண்ட தலைமுறை முதுமையில் இருக்கிறது. பரமக்குடி, கமுதி, அருப்புக்கோட்டைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலை இது. கால்நடை மருத்துவக் கல்லூரிகள் குருதி மாதிரி எடுக்கப் போகும் அதே வீட்டில் சொல் மாதிரியும் எடுக்கலாம்.

பதிவேட்டுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கன்னி, சிப்பிப்பாறை ஆகிய இரண்டு பெயர்களையும் ஒரே பதிவின் கீழ் மாற்றுப் பெயர்களாக எழுத வேண்டும். வழங்கும் நிறங்கள் அனைத்தையும் உள்ளூர்ச் சொற்களோடு குறிக்க வேண்டும். பெயரைத் தமிழ் எழுத்திலும் பதிய வேண்டும். மரபணு ஆய்வு இரண்டும் வேறு என்று தெளிவாகக் காட்டினால் அப்போது பிரிக்கலாம். அதுவரை நிறத்தை வைத்துப் பிரிப்பதற்குச் சொல்லிலும் சான்றில்லை, வழக்கிலும் சான்றில்லை.

குட்டி வாங்க நினைப்பவருக்கும் ஒரு சொல். கன்னியா, சிப்பிப்பாறையா என்று கேட்பதற்கு முன், தாயும் தகப்பனும் எந்த ஊர், ஒரே ஈற்றில் பிறந்தவையா, குட்டிக்குக் காது கேட்கிறதா என்று கேளுங்கள். ஓட இடமில்லாத அடுக்ககத்தில் இருப்பவர் இந்த நாயை வாங்க வேண்டாம்.